வெள்ளை கிளிப்

வெண்முகில் லினன் சர்வீஸ்
உறையூர், திருச்சி
9 ஜூன் 2025

அன்புள்ள சுபலட்சுமி அவர்களுக்கு,

மே 26 அன்று நீங்கள் அலுவலகத்தை விட்டுச் சென்றது தொடர்பாக:

1. நீங்கள் போனை எடுப்பதில்லை. இதுவரை நாற்பத்தொரு அழைப்புகள்.

2. வக்கீல் மாதவன் மூலம் நீங்கள் அனுப்பிய விலகல் பத்திரம் கிடைத்தது. ஆகஸ்ட் 4 காலை பதினொரு மணிக்கு அவர் ஆபீஸில் இருவரும் கையெழுத்திட்டால் நம் கூட்டு முடிந்துவிடும் என்று அதில் உள்ளது. எனக்கு இதில் சம்மதம் இல்லை.

3. பதினோரு ஆண்டுகளாக நாம் இருவரும் சேர்ந்து நடத்தும் லாண்டரி இது. பதினாறு ஆஸ்பத்திரிகளின் துணி நம்மிடம் வெளுக்கிறது. மெஷின் ஹாலைப் பார்த்துக்கொள்ள உங்களை விட்டால் ஆள் இல்லை.

4. என் பக்கம் ஏதேனும் தவறு நடந்திருந்தால் வருந்துகிறேன்.

இந்த வார இறுதிக்குள் தொடர்பு கொள்ளவும்.

தஹ்ஸீன்


ஸ்ரீரங்கம்
14 ஜூன் 2025

தஹ்ஸீன்,

உன் கடிதம் வந்தது. லிசிக்கு என் பாராட்டைச் சொல். இருபத்திரண்டு வருஷமாக என்னை "ஏய் சுபா" என்று கூப்பிடுகிறவள் திடீரென்று "அவர்களுக்கு" என்று ஆரம்பித்தால், யார் உட்கார்ந்து டைப் செய்தது என்று எனக்குத் தெரியாதா? நான்காவது பாயின்ட்டைச் சொல்லும்போது நீ வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்திருப்பாய். மன்னிப்புக் கேட்பதையும் நீல கிளிப்பில் மாட்டிவிட்டாய், பார்.

சட்டம் போட்டவள் நீ. நம் தொழிலுக்குப் பொருத்தமாக ஆபீஸ் சுவரில் ஒரு துணிக்கொடி கட்டினாய். ஒரு வேலைக்கு ஒரு சீட்டு. சிவப்பு கிளிப் என்றால் இன்றைக்கே. மஞ்சள் என்றால் இந்த வாரத்துக்குள். நீலம், வேறு யாராவது பார்க்கட்டும். வெள்ளை, காத்திருக்கட்டும். காலை ஏழு மணிக்குக் கொடி முன்னால் நின்று நீ சீட்டுகளை இடம் மாற்றுவதை எத்தனை நாள் வாசலில் நின்று பெருமையாகப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? அறுபது பேர் வேலை செய்கிற இடத்தை ஒரு கயிற்றில் நடத்துகிறாள் என் சிநேகிதி என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

மே 26 அன்று சோப்புத்தூள் ஆர்டர் சீட்டைத் தேடிக் கொடியின் கடைசிக்கு, அந்த மேற்கு ஜன்னல் பக்கம் போனேன். வெள்ளை கிளிப்பில் என் பெயர். "சுபா, ஒரு மணி நேரம் கேட்கிறாள்." உன் கையெழுத்து. பிப்ரவரி 11 என்று தேதி. வெயில் பட்டு மை கிட்டத்தட்ட போய்விட்டது. நம் லாண்டரியில் இத்தனை சுத்தமாக வெளுத்தது வேறெதுவும் இல்லை.

எதற்கு ஒரு மணி நேரம் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. "அடுத்த வாரம் பாக்கலாம்டி" என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். மூன்றரை மாசம் அடுத்த வாரமாகவே இருந்தது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

இனி போன் செய்யாதே. வாட்ஸ்அப் வேண்டாம். நேரிலும் வராதே. சொல்வதற்கு ஏதாவது இருந்தால் உன் கையால் எழுதித் தபாலில் போடு. ஆற்றைக் கடக்கத் தபாலுக்கு மூன்று நாள் ஆகிறது. ஆகட்டும்.

இங்கே நாள் மிகவும் நீளமாக இருக்கிறது. அண்ணன் வீட்டு மாடியிலிருந்து அம்மா மண்டபம் படித்துறை தெரியும். மேட்டூரில் திறந்துவிட்டார்களாம், அண்ணி காலண்டர் தாளில் எழுதிக் காட்டினாள். ஆறு இன்னும் மணல்தான். பாலத்தில் பஸ்கள் சத்தமில்லாமல் ஊர்ந்து போகின்றன. நேற்று யாரோ ஒருவர் மணலில் வேட்டியை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டுப் போனார். அது காய்வதை ஆரம்பம் முதல் கடைசி வரை பார்த்தேன். ஓரம் முதலில் வெளுக்கிறது, பிறகு நடு. நடுவே தூங்கிவிட்டேனா விழித்திருந்தேனா என்று தெரியவில்லை. ஒரு வேட்டி தானாகக் காய எவ்வளவு நேரமாகும் என்று இத்தனை வருஷமும் நம் இரண்டு பேருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது.

சுபா


தில்லை நகர்
19 ஜூன் 2025

சுபா,

என் கையால்தான் எழுதுகிறேன். புரியாவிட்டால் அது உன் பாடு. ஒரு ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் உட்கார்ந்திருக்கிறேன். மேனேஜர் இருபது நிமிஷம் காத்திருக்கச் சொன்னார், அதனால்தான் நேரம் கிடைத்தது. இதையும் நீ குற்றமாகத்தான் எடுத்துக்கொள்வாய்.

எனக்கும் கோபம் இருக்கிறது. நான் எப்படி முடிவு செய்கிறேன் என்று உலகத்தில் ஒருத்திக்குத் தெரியுமென்றால் அது உனக்குத்தான். சீட்டைக் கையில் எடுத்தால் ஒரே கேள்வி. இதை இன்றைக்குச் செய்யாவிட்டால் நாளைக் காலை எந்த ஆபரேஷன் நிற்கும்? நிற்கும் என்றால் சிவப்பு. அந்தக் கேள்வியை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே கண்டுபிடித்தோம்? முதல் வருஷம், ஆபரேஷனுக்கான பச்சைத் துணி போய்ச் சேராமல் ஒரு டாக்டர் கையைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு நின்றாரே, அன்றைக்கு. நீ வண்டியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு பறந்தாய்.

நீ எதையும் நிற்கவிட்டதில்லை சுபா. மெஷின் ஹால் பக்கம் நான் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்ததே இல்லை. நம்புகிறவர்களைத்தானே வெள்ளையில் மாட்ட முடியும்? கத்தாரிலிருந்து என் வீட்டுக்காரர் வரும் லீவையும் அதே கிளிப்பில்தான் மாட்டியிருக்கிறேன். அவர் பத்திரம் அனுப்பவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நீ வரவில்லை. உனக்கென்று எடுத்து வைத்த வட்டலப்பம் மூன்று நாள் ஃபிரிட்ஜில் இருந்தது. பிறகு நானே சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

நேற்றுப் பாலத்தில் போனேன். தண்ணீர் வந்துவிட்டது. உன் மாடி எது என்று தேடினேன். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன சொல்ல இருந்தாய்? இப்போது கேட்கிறேன். கூப்பிட்டுவிட்டார்கள், போகிறேன்.

தஹ்ஸீன்


ஸ்ரீரங்கம்
27 ஜூன் 2025

தஹ்ஸீன்,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

எனக்குக் காது போய்விட்டது. இடது காது முழுசாக. வலது காதில் பாதிக்கும் கீழேதான் மிச்சம். ஜனவரியில் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். பிழியும் மெஷின்களுக்கு நடுவே பதினோரு வருஷம் நின்றால் இப்படித்தான் ஆகும் என்று எழுதிக் காட்டினார். போனது திரும்ப வராதாம். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமாம்.

போனை எடுக்காதது திமிரினால் இல்லை. எடுத்தால் உன் குரல் தெரியும், வார்த்தை தெரியாது. "ஆ? ஆ?" என்று உன்னிடம் கேட்கப் பிடிக்கவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் ஈரத்துணி வண்டி பின்னால் வந்தபோது மணி அடித்தார்கள், கத்தினார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அன்புச்செல்வன் கையைப் பிடித்து இழுத்தான். இல்லாவிட்டால் கால் போயிருக்கும். அன்றைக்கும் உன் அறை வாசலில் வந்து நின்றேன். நீ போனில் இருந்தாய். ஐந்து விரலைக் காட்டினாய், ஐந்து நிமிஷம் என்று. முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போனேன்.

இதைச் சொல்லத்தான் அந்த ஒரு மணி நேரம். ஹாலை வேறு யாரிடமாவது கொடு, எனக்கு வேறு வேலை கொடு என்று கேட்க. ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருக்கலாமே என்பாய். செய்தி சொல்ல ஐந்து நிமிஷம் போதும். உன் பக்கத்தில் உட்கார்ந்து அழ மீதி ஐம்பத்தைந்து நிமிஷம் வேண்டியிருந்தது.

இன்னொன்று. கொடியின் அதே கடைசியில் இன்னொரு சீட்டு இருக்கிறது. நான் எழுதியது. போய்ப் பார்.

தண்ணீர் வந்தது எனக்குத் தெரியவில்லை. அண்ணி விடியற்காலையிலேயே சத்தம் கேட்டு எழுந்தாளாம். நான் ஏழு மணிக்கு மாடிக் கதவைத் திறந்தால் மணலைக் காணோம். கரை முட்ட ஆறு போய்க்கொண்டிருக்கிறது, ஒரு சின்னச் சத்தம் இல்லாமல். கனவில்தான் ஆறு அப்படிப் போகும். வெகுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயமாகவும் இருந்தது, அழகாகவும் இருந்தது.

சுபா


உறையூர்
2 ஜூலை 2025

சுபா,

பார்த்தேன். "காது மூடி, ஹால் ஆட்கள் 31 பேருக்கும்." 2022 செப்டம்பர். வெள்ளை கிளிப். அதன்மேல் வேறு ஐந்து சீட்டுகளை அதே கிளிப்பில் சொருகியிருந்தேன்.

மூன்று வருஷம் ஆகப் போகிறது. அதைச் செய்யாததால் எந்த ஆபரேஷனும் நிற்கவில்லை. தினமும் ஏழு மணிக்கு நான் கேட்ட கேள்விக்குத் தினமும் அது தப்பிவிட்டது.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஹாலுக்குள் போனேன். அன்புச்செல்வன் முதுகைக் காட்டி நின்றிருந்தான். கூப்பிட்டேன். திரும்பவில்லை. மெஷின் சத்தம் என்று நினைத்து வெளியே வராந்தாவுக்கு வரவழைத்து, பின்னால் நின்று கூப்பிட்டேன். அங்கேயும் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும்தான் பார்த்தான். "எத்தனை நாளாப்பா?" என்று கத்திக் கேட்டேன். "ரெண்டு வருசமா இருக்கும் மேடம். டிவிய ஊருக்கே கேக்குற மாதிரி வைக்கிறேன்னு வீட்ல திட்டுதுங்க" என்று சிரித்தான். அவன் சிரித்ததைத் தாங்க முடியவில்லை.

உன் காதை நான்தான் எடுத்துவிட்டேன். அவன் காதையும். இதை எண் போட்டு எழுத முடியாது.

நான் வரட்டுமா? இன்றைக்கே வருகிறேன். நீ பேச வேண்டாம், நானும் பேசவில்லை.

தஹ்ஸீன்


ஸ்ரீரங்கம்
9 ஜூலை 2025

தஹ்ஸீன்,

வராதே. வந்தால் இரண்டு பேரும் அழுவோம், அழுது முடித்ததும் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி உனக்குத் தோன்றும். மறுநாள் நீ ஏழு மணிக்குக் கொடி முன்னால் நிற்பாய்.

இதையும் தெரிந்துகொள். அந்தச் சீட்டை மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாற்றியது நான். பாய்லர் வெடித்து இரண்டு நாள் திண்டாடிய வாரம் அது. "இத அப்பறம் பாத்துக்கலாம்" என்று உன்னிடம் சொல்லிவிட்டு நானே மாற்றி மாட்டினேன். சத்தம் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவும் செய்தது. கேட்காமல் போவதைத்தான் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உன்மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்தது. அதை எழுதாமல் விட்டால் நான் யோக்கியமில்லை.

ஆகவே என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. முப்பத்தொரு பேருக்கும் காது பரிசோதனை செய்யச் சொல். என் டாக்டரிடம் கேட்டேன். கருவியோடு ஆட்களை அனுப்புகிறேன் என்கிறார். ஆனால் கட்டடத்தில் எந்தச் சத்தமும் இருக்கக்கூடாதாம், முதல் நாள் ராத்திரியிலிருந்தே காதுக்கு ஓய்வு வேண்டுமாம். மெஷின்களை நிறுத்த வேண்டும், எல்லாவற்றையும். அது நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆகஸ்ட் 4 அன்று கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்வேன்.

மத்தியானம் ஒரு கனவு வந்தது. காவிரி முழுக்க நம் விரிப்புகள். முக்கொம்பு பக்கத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக, சுருக்கமே இல்லாமல், மிதந்து வருகின்றன. நான் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறேன். எடுத்து மடிக்க வேண்டும் என்று கை பரபரக்கிறது. எந்த ஆஸ்பத்திரிக்கு எது என்று குறி பார்க்கிறேன், ஒன்றிலும் குறியே இல்லை. சரி போகட்டும் என்று கையைத் தண்ணீரில் விட்டுவிட்டேன். என்னைத் தொட்டுத் தொட்டுக் கிழக்கே போய்விட்டன. எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. நீயும் ஒரு நாள் பகலில் தூங்கிப் பார்.

சுபா


உறையூர்
28 ஜூலை 2025

சுபா,

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. பதினாறு ஆஸ்பத்திரிகளுக்கும் நானே நேரில் போனேன். லிசியை அனுப்பவில்லை. பதினோரு வருஷத்தில் நாமாக ஒரு நாள்கூட நிறுத்தாத மெஷின்களை ஒரு முழு நாள் நிறுத்தப் போகிறேன், அதற்கு முன் இரண்டு நாள் துணியைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்று ஒவ்வொரு இடத்திலும் சொன்னேன். பதினைந்து பேர் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர், தில்லை நகரில் என்னை இருபது நிமிஷம் காத்திருக்க வைத்தாரே அவர்தான், "காது டெஸ்டெல்லாம் ஒரு காரணமா மேடம்?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். இந்த மாசத்தோடு வேறு லாண்டரி பார்த்துக்கொள்கிறாராம். நம்மிடம் இருப்பதில் பெரிய ஆஸ்பத்திரி அது. வெளியே வந்து காரில் உட்கார்ந்து, போன பணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் திரும்ப உள்ளே போகவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. அன்றைக்கு ஆடிப் பதினெட்டு என்று லிசி காலண்டரைப் பார்த்துச் சொன்னாள். பரிசோதனை முடிந்ததும் எல்லாரும் ஆற்றுக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

காது மூடிகள் வந்துவிட்டன. ஆரஞ்சு நிறம். முதல் நாள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக் கேலி செய்துகொண்டார்கள். இரண்டாம் நாள் யாரும் கழற்றவில்லை. மூன்று வருஷம் தொங்கிய வேலையை முடிக்க எத்தனை நேரம் ஆனது தெரியுமா? இரண்டு போன், ஒரு கையெழுத்து.

நீ சொன்ன மாதிரி மத்தியானம் தூங்கிப் பார்த்தேன். மேஜைமேல் தலை வைத்து ஒன்பது நிமிஷம். கனவில் கொடி வந்தது. நீண்டுகொண்டே போய் ஜன்னலைத் தாண்டி, வீடுகளைத் தாண்டி, ஆற்றுக்கு மேலே போனது. அந்தக் கடைசியில் என்ன மாட்டியிருக்கிறது என்று தெரியவில்லை. எட்டிப் பார்ப்பதற்குள் லிசி எழுப்பிவிட்டாள்.

இன்றைக்கு ஒரு மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. இதை எழுதி முடித்துவிட்டுத்தான் போகிறேன்.

தஹ்ஸீன்


மெஷின் ஹால், உறையூர்
3 ஆகஸ்ட் 2025, பிற்பகல்

சுபா,

நம் ஹாலுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். மெஷின்கள் நிற்கின்றன. நேற்றுச் சாயந்திரம் கடைசி மெஷினும் சுற்றி நின்றது. எல்லாரும் மேலே பார்த்தார்கள், ஏன் என்று தெரியவில்லை. நானும் பார்த்தேன்.

முதலில் பரிசோதனை. முப்பத்தொரு பேரில் ஆறு பேருக்குக் குறை இருக்கிறது. அன்புச்செல்வனுக்குத்தான் அதிகம், வலது காது. மற்ற ஐந்து பேருக்கு ஆரம்பம். இனிமேல் பாதுகாத்தால் இதோடு நின்றுவிடும் என்றார்கள். ஆறு பேரையும் நாளையிலிருந்து மடிக்கும் பகுதிக்கு மாற்றுகிறேன். ஒருவருக்கும் சம்பளம் குறையாது.

எல்லாரும் போன பிறகு நான் மட்டும் இருந்தேன். இந்த இடத்தில் என்னென்ன சத்தம் இருக்கிறது என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. உனக்காக ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். மூன்றாம் நம்பர் மெஷினுக்குப் பின்னால் ஒரு குழாய் சொட்டுகிறது, நிதானமாக, நான் பத்து எண்ணுவதற்குள் ஒரு சொட்டு. தகரக் கூரையில் புறா நடக்கிறது. தெருவில் டவுன் பஸ் கண்டக்டர் விசில். நாச்சியார் கோயில் பக்கம் மேளம். யார் வீட்டிலோ குக்கர். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள், உள்ளே இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. காய்ந்த விரிப்புக் குவியலிலிருந்துகூட ஒரு சத்தம் வருகிறது, தானாக அமுங்குகிற சத்தம். இதெல்லாம் பதினோரு வருஷமாக நம்மைச் சுற்றித்தான் இருந்திருக்கிறது. நீ எந்தெந்தச் சத்தத்தை இழந்தாய் என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். முடியவில்லை. எழுந்து போய் உன் இடத்தில், தரையில் போட்ட அந்த மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில், கொஞ்ச நேரம் நின்றேன்.

நாளைக்குப் பதினொரு மணிக்கு மாதவன் சார் ஆபீஸ். அதற்குச் சீட்டு எழுதவில்லை, எந்த கிளிப்பிலும் மாட்டவில்லை. நீ விலகினால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் நீ இல்லாமல் எனக்கு இந்த இடம் வேண்டியிருக்காது. அதைச் சொல்லாமல் விட்டுவிடக்கூடாது என்று சொல்கிறேன்.

அன்புச்செல்வன் குடும்பத்தோடு அம்மா மண்டபத்துக்கு வருகிறான். போகிற வழியில் இங்கே வரச் சொல்லியிருக்கிறேன், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தஹ்ஸீன்


ஸ்ரீரங்கம்
4 ஆகஸ்ட் 2025, காலை ஆறு மணி

தஹ்ஸீன்,

அத்தனை கூட்டத்தில் அன்புச்செல்வன் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். நானும் அவனும் கத்திப் பேசியதில், பக்கத்தில் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்த பெண்கள் ஏதோ சண்டை என்று நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவன் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான். காதோலை கருகமணியும் பூவும் பழமுமாக ஆறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது. உன் கடிதத்தைப் படித்துறையில் உட்கார்ந்தே படித்தேன். கடைசிப் பக்கத்தின் ஓரம் தண்ணீரில் நனைந்துவிட்டது.

உன் சத்தங்களை மூன்று தடவை படித்தேன். குழாய் சொட்டுவது எனக்குத் தெரியும். அதைச் சரிசெய்யச் சொன்ன சீட்டு மார்ச்சிலிருந்து நீல கிளிப்பில் இருக்கிறது. பாங்கு சத்தம் உள்ளே வரும் என்று எனக்கும் தெரியாது.

நான் கையெழுத்துப் போடவில்லை. மாதவன் சாருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன்.

ஆனால் ஹாலுக்குத் திரும்ப மாட்டேன். கொடியை எனக்குக் கொடு. நாளை எந்த ஆபரேஷன் நிற்கும் என்ற கேள்வியை நீயே கேட்டுக்கொள், உன்னைவிட நன்றாக அதைக் கேட்க ஆள் கிடையாது. நான் தினமும் ஜன்னல் பக்கக் கடைசியிலிருந்து ஆரம்பிப்பேன். வெள்ளையில் இருப்பதில் ஒன்றை எடுத்துச் சிவப்பில் மாட்டுவேன், தினம் ஒன்று. நீ சண்டை போடுவாய். போடு. உன் வீட்டுக்காரர் லீவைத்தான் முதலில் எடுக்கப் போகிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கையில் கொண்டுவந்து உன்னிடம் கொடுப்பேன். எட்டு மணிக்கு வந்துவிடுவேன். படித்து முடித்ததும் லிசியிடம் கதவைச் சாத்தச் சொல். நாற்காலியை என் வலப்பக்கம் போட்டு, குனிந்து சீட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துப் பேசு. உதடு தெரிந்தால் எனக்கு முக்கால்வாசி புரிகிறது. இத்தனை நாள் நீ சொன்னதில் பாதி எனக்குக் கேட்காமல் போனதற்குக் காது மட்டும் காரணமில்லை.

நான் கேட்ட ஒரு மணி நேரத்தில் செய்தியைத்தான் எழுதித் தீர்த்துவிட்டேன். மீதி ஐம்பத்தைந்து நிமிஷம் அப்படியே இருக்கிறது.

சுபா